வீட்டு வேலைக்குக் கருவி வாங்கியபோது பணம் எங்கே மிச்சமானது? உங்கள் அனுபவங்கள்

சிங்காநல்லூர்வாசி:
உக்கடம் ஞாயிற்றுச் சந்தையில் பழைய டிரில்லிங் மெஷின் தேடியவர்களுக்கு நடைமுறை தெரியும். கடைக்காரர் ஒயரைச் செருகி ஓட்டிக் காட்டுவார்; சத்தம் சீராக இருந்தால் பேரம் படிந்துவிடும். அப்படித்தான் ஒன்றை 700 ரூபாய்க்குப் பேசி முடித்துப் பணத்தை எடுத்தேன். விற்ற பெரியவரே, "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் இருந்த கார்பன் பிரஷ் மூடியைத் திருப்புளியால் கழற்றினார். உள்ளிருந்து வந்த பிரஷ் விரல் நகத்தளவுகூட இல்லாமல் தேய்ந்திருந்தது. "இதை மாத்திக்கலாம், பெரிய செலவில்லை. ஆனா உள்ளே பாருங்க" என்று டார்ச் அடித்தார். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கருகி, ஓரிடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சரை மாற்றப் போனால், பழையதாக வாங்கியதில் பொருளே இல்லாமல் போயிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, பட்டைகள் பளபளவென்று இருந்த வேறொன்றை அதே விலைக்குக் கொடுத்தார். பணம் கைமாறும் நேரத்தில் அவர் ஏன் திறந்து காட்டினார் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

ஏழாவது மாடி:
அவர் வாங்கியது நல்ல மெஷினாகவே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திரைச்சீலைக் கம்பி மாட்டுகிறவருக்கு அந்த 700 ரூபாயும் வீண்தான் என்பது என் கருத்து. எங்கள் குடியிருப்பில் சுவர்கள் முழுவதும் கான்கிரீட். பக்கத்து வீட்டு அண்ணன் புதிதாக வாங்கிய இம்பாக்ட் டிரில்லை உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார். துளையிடும் கம்பியான பிட்டின் நுனி நீலம் பாய்ந்து புகைந்ததே தவிர, துளை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. பிறகு நாள் வாடகைக்கு எடுத்து வந்த ரோட்டரி ஹாமர், சும்மா தாங்கிப் பிடித்ததற்கே உள்ளே இறங்கியது. முன்னதில் இரண்டு பல் தகடுகள் உரசித் தட்டுகின்றன. பின்னதில் காற்றழுத்தத்தால் ஓடும் பிஸ்டன் அடிக்கிறது. செங்கல் சுவருக்கு முன்னது போதும், கான்கிரீட்டுக்குப் பின்னதுதான் வேண்டும். வாடகை 300 ரூபாயை எங்கள் தளத்து வீடுகள் பகிர்ந்துகொண்டன. பிட்டை மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், திருச்சி:
இருவர் சொல்வதும் டிரில்லுக்குப் பொருந்தும். டிஸ்க்கைச் சுழற்றி இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு கடையில் பாதி விலைக்குக் கட்டிங் டிஸ்க் வாங்கிய இளைஞரிடம் இருந்து ஒன்றை வாங்கிப் பார்த்தேன். நடுவில் உள்ள உலோக வளையத்தில் பொறித்திருந்த காலாவதித் தேதி கடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கடைக்காரர், "கல்லுக்கு என்ன சார் எக்ஸ்பயரி?" என்றார். அந்தச் சொல்தான் இன்றும் உறுத்துகிறது.

டிஸ்க்கில் உள்ள அரைபொடியைப் பிடித்து வைத்திருப்பது பிசின். அது ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வலுவிழக்கும் என்பதால்தான் உற்பத்தியாகி மூன்று ஆண்டு வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் உடையும் துண்டு முகத்துக்கு வந்தால் கை எழும்புவதற்கு நேரமிருக்காது. டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடி (கார்டு) இல்லாத பழைய கிரைண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறித் துள்ளும். கண்ணாடியும் கையுறையும் வாங்கிய பிறகு மிச்சப்படுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

பாளையங்கோட்டை அக்கா:
ஃபிட்டர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஆனால் வாடகை யோசனை உளிக்கும் இழைப்புளிக்கும் ஒத்துவராது. தொழிலை விட்டுவிட்ட ஒருவரின் வீட்டில் பழைய உளிகள் எடைக்குப் போக இருந்தன. நான் எங்கள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வோர் உளியின் வெட்டு முனையிலும் அரத்தை லேசாக இழுத்தார். சிலவற்றில் அரம் கறுக்கென்று கடித்தது. சிலவற்றில் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது. "வழுக்குது பாருங்கம்மா, இதுதான் பதம் ஏறின உருக்கு" என்று துரு ஏறிக் கறுத்துக் கிடந்த நான்கை எடுத்துக் கொடுத்தார். நான் கடையில் வாங்கிய பளபளப்பான புது உளியை அவரிடம் நீட்டியபோது, அதில் அரம் கடித்தது.

துருவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மேலோட்டமான துரு எண்ணெயும் உப்புத்தாளும் போட்டால் போய்விடும். முனைக்கு அருகே குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். சாணை பிடிக்கும்போது சரிவுப் பக்கத்துக்குப் போகும் முன், தட்டையான பின்பக்கத்தைக் கல்லில் சமமாக்கிக்கொள்ளுங்கள். அது சமமாகாமல் முனையில் கூர் நிற்காது. சாணைச் சக்கரத்தில் தீட்டினால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விடும், அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.