பெயர் இல்லாத எட்டுத் தந்தி பெடல் ஸ்டீல்: இது எந்த மாடல்?

மரப்பெட்டி:
டெக்சாஸில் ஒரு வீட்டுப் பழம்பொருள் விற்பனையில் இந்தப் பெடல் ஸ்டீல் கிதாரை (கால்கள் மேல் கிடைமட்டமாக நிற்கும், எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி, பெடலால் சுருதி மாற்றி வாசிக்கும் கிதார்) வாங்கினேன். "இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, கிப்சன் நிறுவனத்தின் எலெக்ட்ராஹார்ப்" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். ஆனால் கருவியில் எங்கும் பெயர் இல்லை. யாரோ மரத்தைத் தேய்த்துக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

ஒரே கழுத்து (தந்திகள் ஓடும் பலகை), எட்டுத் தந்திகள். மரத்தைச் சுற்றி உலோகச் சட்டம். முன்கால்களுக்கு நடுவே ஒரு தண்டில் நான்கு பெடல்கள். வலது முழங்காலுக்கு ஒரு லீவரும் இருக்கிறது. அதன் பற்றவைப்பைப் பார்த்தால் இரும்புக் கதவு செய்பவர் வேலை போலத் தெரிகிறது.

இன்னொரு தொல்லை: பெடல் ஸ்டீலில் வழக்கமான இ9 (E9) என்ற சுருதி அமைப்புக்கு ஏற்றினால் மூன்றாவது தந்தி அறுந்துவிடுகிறது. புதிய தந்தி போட்டாலும் அதே கதிதான். மாடல் எது, தந்தி ஏன் அறுகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

நாட்டுப்பாடல் பிரியன்:
எட்டுத் தந்தி என்றால் எலெக்ட்ராஹார்ப்பாகத்தான் இருக்கும். விற்றவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கு நல்ல யோகம்!

பழைய வடம்:
தந்தியை எண்ணி மாடலைச் சொல்ல முடியாது நண்பரே. அந்தக் காலத்தில் எட்டுத் தந்திக் கருவிகள் நிறைய வந்தன. எலெக்ட்ராஹார்ப்பில் பெடல்கள் இடது பின்காலைச் சுற்றி விசிறி விரித்தாற்போல் இருக்கும். கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜான் மூர் என்பவரின் வடிவமைப்பு அது. முன்கால்களுக்கு நடுவே தண்டில் பெடல்களை வரிசையாக வைக்கும் முறை கலிபோர்னியாவின் பால் பிக்ஸ்பியால் பரவியது, போருக்குப் பின்னர். ஆகவே விற்றவர் சொன்ன கதை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

வண்ணத்தையும் குமிழ்களையும் விடுங்கள், அவற்றை யாரும் மாற்றிவிடலாம். கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடலை மிதித்தால் தந்தியை இழுப்பது எது? உலோகக் கம்பித்தண்டுகளா, முறுக்கு வடங்களா? நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, அதாவது தந்தியைத் தாங்கும் இரு முனைகளுக்கு நடுவே, எத்தனை அங்குலம்? வால்யூம் குமிழின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் (ஒலியளவை மாற்றும் மின் உறுப்பில்) அச்சிட்ட எண் என்ன? மூன்றாவது தந்தி எந்த இடத்தில் அறுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மரப்பெட்டி:
அடியில் முழுக்க மெல்லிய முறுக்கு வடங்கள், சின்னக் கொக்கிகளில் மாட்டியிருக்கின்றன. லீவர் மட்டும் ஒரு தனித் தண்டை இழுக்கிறது. நீளம் 24½ அங்குலம். பொட்டென்ஷியோமீட்டரில் 304919. தந்தி அறுவது பிரிட்ஜின் மேல், எப்போதும் அதே இடத்தில்.

பழைய வடம்:
இது ஃபெண்டர் நிறுவனத்தின் 400 மாடல். வடம், உலோகச் சட்டம், ஒரு கழுத்து, எட்டுத் தந்தி என்று எல்லாம் பொருந்துகிறது. இந்தப் பெயர்களில் பலரும் தடுமாறுவார்கள். 400 என்றால் எட்டுத் தந்தி ஒரு கழுத்து. 1000 என்றால் அதே எட்டுத் தந்தியில் இரண்டு கழுத்து. 1960-களில் வந்த 800-க்குப் பத்துத் தந்தி ஒரு கழுத்து, 2000-க்குப் பத்துத் தந்தி இரண்டு கழுத்து. யார் இப்படிக் கணக்குப் போட்டார்களோ!

304 என்பது பொட்டென்ஷியோமீட்டரைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த 9 ஆண்டின் கடைசி இலக்கம், 19 அந்த ஆண்டின் வாரம். 1000 மாடல் 1957-இல் வந்தது, 400 அடுத்த ஆண்டு. எனவே 1949 ஆக முடியாது. 1969-க்குள் ஆண்டை இரண்டு இலக்கமாக அடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆக அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் 1959-ஐச் சேர்ந்தது. அது பிற்பாடு மாற்றப்படவில்லை என்றால் கிதார் அந்த ஆண்டோ சற்றுப் பின்னரோ செய்யப்பட்டிருக்கும். 24½ அங்குலமும் ஒத்துப்போகிறது. பிந்தைய 400-கள் 23 அங்குலத்துக்குக் குறுகிவிட்டன.

முழங்கால் லீவர் தொழிற்சாலையில் வைத்ததல்ல. ஆனாலும் கழற்றி எறியாதீர்கள். யாரோ ஒருவர் மேடையில் வாசித்த கருவி என்பதற்கு அது சாட்சி. ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி ராக் குழுவின் 'ஸ்னீக்கி பீட்' கிளைனோ வாசித்தது ஃபெண்டர் 400-தான். ஆகவே இதை மாணவர்களுக்கான கருவி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கம்பி வாத்தியார்:
தந்தி விஷயத்துக்கு நான் வருகிறேன். இ9-இல் மூன்றாவது தந்தி ஜி ஷார்ப். இரண்டாவது பெடல் அதை ஏ வரை இழுக்கும். எந்த பெடல் ஸ்டீலிலும் முதலில் அறுவது அதுதான், உங்களுடையதோ நீளமான கருவி. அதே சுருதிக்கு 23 அங்குலத்தில் தேவைப்படும் இழுவிசையைவிட 24½-இல் ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதலாக வேண்டும். மெல்லிய தந்தி போட்டால் தப்பிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எஃகின் வலு ஒன்றாக இருந்தால் தடிமன் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே சுருதியில்தான் அறும். நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சுருதியை இறக்க வேண்டும்.

முதலில் பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். எப்போதும் அதே இடத்தில் அறுகிறது என்றால் அங்கே கூர்விளிம்பு இருக்கலாம். மிக நுண்ணிய உப்புத்தாளால் வழுவழுப்பாக்கி ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அதற்குப் பின்னும் அறுந்தால் மொத்தத்தையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி9-ஆக வையுங்கள். இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பாடத்தில் சொல்லும் இடத்துக்கு இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் அரை ஸ்வரத்துக்கு ஒன்றாகக் குறித்த கோடு) மேலே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்துத் தந்தி இ9 பாடங்களில் கடைசி இரண்டு தந்திகளை மட்டும் விட்டுவிட்டால் மற்றவை அப்படியே பொருந்தும். வழக்கமான மூன்று பெடல்களை வைத்துவிட்டு, நான்காவதை 4, 8 ஆகிய இரண்டு இ தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கும்படி மாட்டுங்கள். இன்றைய கருவிகளில் முழங்கால் லீவர் செய்யும் வேலை அது.

மரப்பெட்டி:
பள்ளத்தின் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பிசிறு இருந்தது. தேய்த்தபின் இ9-இலேயே நிற்கிறது, ஆனால் பெடலை வேகமாக மிதித்தால் இன்னும் பயமாக இருப்பதால் டி9-க்கு இறக்கிவிட்டேன். ஒரு வடம் மட்டும் நார்நாராகப் பிரிந்திருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

பழைய வடம்:
பழைய வடத்தைக் கழற்றும் முன் கொக்கியோடு சேர்த்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதே தடிமனில் துருப்பிடிக்காத எஃகு முறுக்கு வடம் வாங்கி, இரு முனைகளையும் உலோகக் குழலில் இறுக்கி நசுக்கினால் போதும். முடிச்சுப் போடாதீர்கள், நாளாக ஆக இளகிச் சுருதியைக் கெடுக்கும். ஒன்று பிரிந்துவிட்டதென்றால் மற்றவையும் அதே வயதுதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.