ஹிங்க்லி பாயிண்ட் சி: இது மானியமா இல்லையா?

கணக்குப்பிள்ளை: அணுமின்சாரம் மலிவு என்றுதானே சொல்கிறார்கள், அப்புறம் எதற்கு பிரிட்டன் அரசு அங்கே கட்டப்படும் ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையத்துக்கு 35 வருட விலை உத்தரவாதம் கொடுத்தது?

தெற்குக்காற்று: மானியம்தான், பெயர்தான் வேறு. 2012 விலையில் யூனிட்டுக்கு 9.25 பென்ஸ், விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் மக்களின் கரண்ட் பில்லில் வரும்.

மின்கம்பி: பாதியைத்தான் சொன்னீர்கள். சந்தை விலை மேலே போனால், அதைக் கட்டும் பிரெஞ்சு மின் நிறுவனம் இ.டி.எஃப் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். உலை ஓடினால்தான் இந்தக் கணக்கே தொடங்கும். கட்டுமானச் செலவு 18 பில்லியன் பவுண்டு என்று ஆரம்பித்து, 2024 ஜனவரியில் 31 முதல் 35 பில்லியன் என்றார்கள், அதுவும் 2015 விலையில்! அந்தச் சுமை இ.டி.எஃப் தலையில்.

கணக்குப்பிள்ளை: சரி, அடுத்த உலையை யார் தலையில் கட்டுவார்கள்?

மின்கம்பி: அடுத்தது சைஸ்வெல் சி அணுமின் நிலையம், அதற்கு கட்டும்போதே மக்களின் பில்லில் வசூல். எரிபொருள் இதில் சின்னச் செலவு, வட்டிதான் ஆளை விழுங்கும். பத்து வருடம் ஒரு யூனிட் கூட விற்காமல் கடன் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், வீடு கட்டியவர்களுக்குப் புரியும். முன்கூட்டியே வசூலித்தால் வட்டி குறையும், ஆனால் செலவு எகிறினால் அடி பில் கட்டுகிறவருக்கும் விழும்.