அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

எடிசன்வாசி:
அம்மாவுக்கு அடுத்த மாதம் இன்டர்வியூ. வயது 61, கிரீன் கார்டு வாங்கி 16 வருடம். 55 வயதைத் தாண்டி, 15 வருடம் கிரீன் கார்டோடு இங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்வி பதில் தமிழிலேயே நடக்கும். 2025 அக்டோபர் 20-க்குப் பிறகு விண்ணப்பித்ததால் புதுத் தேர்வு. மொத்தம் 128 கேள்விகள் படிக்க வேண்டும், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வந்தால் போதும்.

அம்மா ஓய்வு பெற்ற டீச்சர். தெரியாத விஷயம் சட்டென்று ஏறிவிடுகிறது, தெரிந்ததுதான் படுத்துகிறது. தோசை வார்த்துக்கொண்டே எங்கள் மாநில ஆளுநர் பெயரைச் சரியாகச் சொன்னார். அடுத்த நொடி, "இவங்களை எந்த ஜனாதிபதி அனுப்பினார்?"

"இங்கே ஜனங்களே ஓட்டுப் போடுவாங்கம்மா."

"அப்ப முதலமைச்சர்?"

"அப்படி ஒருத்தர் கிடையாது. அந்த வேலையும் ஆளுநருக்குத்தான்."

தோசையைத் திருப்பிப் போட்டார். "அப்ப சண்டையே வராதே!"

இங்கத்திய மேலவையான செனட்டில் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு உறுப்பினர்கள், மக்கள்தொகை குறைந்த வயோமிங்குக்கும் இரண்டு என்றதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுக்கு ராஜ்யசபாவில் 18, சிக்கிமுக்கு 1, அதுதான் நியாயமாம். செனட்டுக்குத் தலைவர் துணை ஜனாதிபதி என்றபோது மட்டும், "நம்ம ஊர் மாதிரிதான்" என்று முகம் மலர்ந்தது.

டாலஸ் மருமகள்:
என் மாமியார் 2019-ல் போனார். அப்போது பழைய தேர்வு, பத்துக்கு ஆறு. அதெல்லாம் சுலபம். விண்ணப்பத்தில் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், அங்கேதான் மாட்டினோம். "நீங்கள் எப்போதாவது குடிகாரராக இருந்ததுண்டா?" என்பதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே தமிழில் கேட்டுவிட்டார். "சஷ்டி விரதம் இருக்கிறவளைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது?" என்று எழுந்தேவிட்டாராம். ஆபீசருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அம்மாவிடம் இந்தக் கேள்விகளையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய பாஸ்போர்ட்:
குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள், மறக்காமல் எடுத்துப் போங்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. அப்புறம் இந்திய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். என்னுடையது ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. பீரோவில்தான் இருக்கிறது.

எடிசன்வாசி:
அம்மா பாஸ்! 14 கேள்வியிலேயே 12 சரி, அதோடு நிறுத்திவிட்டார்கள். ஆளுநர் கேள்வி வரவில்லை. வீடு திரும்பும் வரை அதே புலம்பல்தான்.