ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கரோக்கேவுக்கு எழுத்து வரிசைக்கு ஒரு பாட்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

அலுவலக விருந்து முடிந்ததும் "நிஜிகாய்" (விருந்தின் இரண்டாவது சுற்று) என்று சொல்லி எல்லோரையும் கரோக்கேவுக்கு அழைத்துப் போகிறார்கள், ஜப்பானியப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது, என்ன செய்வது என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். கைதட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்தான். ஆனாலும் பாடுங்கள் என்றுதான் சொல்வேன். வேலையில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர்கூட, தன் இளமைக்காலப் பாட்டை நீங்கள் பாடிக் கேட்டால் அடுத்த நாள் தானாக வந்து பேசுவார்.

முதலில் ஹிராகானா, கட்டகானா என்ற ஒலியெழுத்து வகைகள் இரண்டையும் (சேர்த்து கானா என்பார்கள்) படித்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46தான். காஞ்சி எனும் சீன எழுத்துகள் இப்போதைக்கு வேண்டாம், ஏனென்றால் கரோக்கே திரையில் காஞ்சிக்கு மேலே சின்னதாக அதன் உச்சரிப்பு ஓடும், அதைப் பார்த்தே பாடலாம். நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர்கள் எழுத்து வரிசை கிட்டத்தட்ட நம் வரிசையேதான்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் 'ப' இருக்கும் இடத்தில் 'ஹ' நிற்கிறது, அதுவும் பழங்காலத்தில் 'ப' ஒலியாகத்தான் இருந்தது என்பது மொழியியலாளர்கள் கணிப்பு. புத்தத் துறவிகள் சமஸ்கிருதத்துக்காக சித்தம் எழுத்தைப் படித்தபோது அங்கே போய்ச் சேர்ந்த வரிசை இது. கரோக்கே பாட்டுப் பட்டியல் முழுக்க இந்த வரிசையில்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் பழகினால் தேடும் வேலை நமக்குச் சுலபம்.

சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். 'ச்சி' என்று தொடங்கும் பாட்டை ச வரிசையில் தேடாதீர்கள், அது த வரிசை (த, ச்சி, த்சு, தெ, தொ). மொங்கோல் 800 குழுவின் "ச்சீசன கோய் நொ உதா" அங்கேதான் கிடைக்கும், இஷிகாவா சயூரி 1977இல் பாடிய "த்சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி"யும் அங்கேதான். 'ஃபு' ஹ வரிசை. வல்லின ஒலி மென்மையானால் தனி வரிசை கிடையாது, 'கா'வும் காந்தியின் 'கா'வும் ஒரே இடம். அறையில் இருக்கும் தொடுதிரைப் பலகையில் (டாம் என்ற வகைக் கரோக்கே இயந்திரமாக இருந்தால் டென்மோக்கு என்பார்கள்) ஆங்கிலத் திரை இருந்தாலும் கானாவில் தட்டுவதே நிச்சயமான வழி. குறில் நெடிலையும் சரியாகத் தட்டுங்கள். இன்னொன்று, காஞ்சியைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்காதீர்கள். "நத சோசோ" பாட்டின் முதல் காஞ்சி கண்ணீருக்கானது, வழக்கமாக 'நமித' என்று படிப்பார்கள், பாட்டின் பெயரோ ஒகினாவா பேச்சுப்படி 'நத'.

சரி, எந்தப் பாட்டு? வரிசைக்கு ஒன்று போதும். அ வரிசைக்கு யோசிக்கவே வேண்டாம், சகமோட்டோ க்யூ 1961இல் பாடிய "உஎ ஒ முயித்தே அருகோ". 1963இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் "சுகியாகி" என்ற பெயரில் முதலிடம் பிடித்த பாட்டு, மெதுவான நடை, எந்த வயதுக்காரரும் கூடச் சேர்ந்து பாடுவார். க வரிசைக்கு, மேலாளர்கள் வயதானவர்களாக இருந்தால் மிசோரா ஹிபாரியின் "கவா நொ நகாரே நொ யோ நி" (1989), இளைஞர்கள் என்றால் க்ரீன் குழுவின் "கிசெகி" (2008). ச வரிசைக்கு ஸ்மாப் குழுவின் "செகாய் நி ஹிதொத்சு தகே நொ ஹனா". ந வரிசைக்கு நத்சுகாவா ரிமி பாடிய "நத சோசோ". ஹ வரிசைக்கு 1914ஆம் ஆண்டுப் பள்ளிப் பாட்டு "ஃபுருசாதோ". சொந்த ஊரை நினைத்துப் பாடுவது, ஊரைவிட்டு வந்திருக்கும் நீங்கள் பாடினால் அதற்கு ஒரு தனிக் கனம் வந்துவிடும். ய வரிசையில் "யூயகே கொயகே". பல ஊர்களில் மாலை நேரத்தில் ஒலிபெருக்கியில் போடுவது இதைத்தான், மெட்டு உங்கள் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். அதே வரிசையில் "யொரு நி ககேரு"வை அலுவலக இளைஞர்கள் கேட்பார்கள், ஆனால் வேகம் அதிகம், வாய் பழகும்வரை தொடாதீர்கள்.

ர வரிசைதான் சுவாரசியம். தமிழில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது, அதனால்தான் இராமன், இலக்குவன் என்று எழுதினோம். பழைய ஜப்பானியச் சொற்களும் அப்படித்தான், ரகரத்தில் தொடங்காது. ஆகவே இந்த வரிசையில் வரும் பாட்டுப் பெயர்களில் வெளிநாட்டுச் சொற்கள் நிறைய. யொனெசு கென்ஷியின் "லெமன்", ஸ்பிட்ஸ் குழுவின் "ராபின்சன்" (அவர்கள் உச்சரிப்பில் 'ரொபின்சொன்'), ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் "லிண்டா லிண்டா" எல்லாம் அதே ரகம், 'ல'வும் அவர்களுக்கு ர வரிசைதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஷிரிதோரி விளையாட்டுக்கு இது ரொம்ப முக்கியம். நம் அந்தாதி மாதிரி, ஒருவர் சொன்ன சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அதில் அடுத்தவர் தொடங்க வேண்டும், 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். கரோக்கேயில் பாட்டை வைத்தும் இதை ஆடுவார்கள். பாட்டுக்குப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள்: நாம் பாட்டு வரியைப் பிடித்துக்கொண்டு போவோம், இங்கே பாட்டின் பெயர்தான் கணக்கு. அப்படியானால் ர வரிசையில் "லெமன்" தோல்வி, "ராபின்சன்" தோல்வி, "ரூஜு நொ தென்கொன்" என்ற அழகான பழைய பாட்டும் தோல்வி, மூன்றும் 'ன்'னில் முடிகின்றன! "லிண்டா லிண்டா" மட்டும் காப்பாற்றும். எதிராளியைச் சிக்கவைக்க ர வரிசையில் முடியும் பெயராகப் பார்த்துப் போடுங்கள், "தொனாரி நொ தொதொரோ" போட்டால் அடுத்தவர் 'ரொ'வில் திணறுவார், வாய்க்கு முதலில் வருவது "ராபின்சன்" ஆகத்தான் இருக்கும்.

நெடிலில் முடியும் பெயர்களையும் பாருங்கள். 'அருகோ' என்று கேட்டாலும் கானாவில் அது 'உ' எழுத்தில் முடிகிறது, எழுத்துப்படி ஆடினால் அடுத்தது 'உ'. ஸ்மாப்பின் "...நொ ஹனா" பாடினால் 'ன'வுக்கு "நத சோசோ", அது 'உ'வில் முடிவதால் "உஎ ஒ முயித்தே அருகோ" என்று மூன்று பாட்டை வரிசையாகக் கோத்துவிடலாம். "மொமென் நொ ஹன்கச்சீஃபு" (ஓட்டா ஹிரோமி, 1975) வந்தால் உங்கள் கையில் "ஃபுருசாதோ" இருக்கிறது. 'ஓ' நீட்டல், சின்னதாக எழுதும் 'யா', 'க'வை காந்தியின் 'க'வாக எடுக்கலாமா என்பதெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும், ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குத் தனியாகவே போகலாம், ஹிதொகாரா என்று அதற்குப் பெயரே உண்டு, யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். வார நாளில் பகலில் கட்டணம் குறைவு. கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு அரை மணிக் கணக்கு, கூடவே ஆளுக்கு ஒரு பானம் கட்டாயமாக இருக்கும். கைட் மெலடியை (பாட வேண்டிய மெட்டைக் கூடவே வாசித்துக் காட்டும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள், சுருதியை இரண்டு மூன்று படி இறக்குங்கள், பெண்கள் பாடிய பாட்டை ஆண்கள் பாடும்போது இது அவசியம். கூட்டத்தோடு போனால் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டைப் பதிவு செய்யாதீர்கள், மற்றவர் பாடும்போது அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டே பலகையில் மூழ்கிவிடவும் கூடாது, அது அவர்களுக்கு வருத்தம் தரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டிருந்தீர்கள்: மானெகினெகோ என்ற கரோக்கே நிறுவனத்தின் பெரும்பாலான கிளைகளில் வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம், இந்தியர்கள் நிறைய வாழும் டோக்கியோவின் நிஷி கசாயில் இருப்பவர்கள் நம் கடைகளிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு "சன்போ" என்ற சிறுவர் பாட்டு போதும், பாலர் பள்ளியில் பிள்ளைகள் ஏற்கெனவே கற்றிருப்பார்கள், 'பொ'வில் முடிவதால் ஆட்டத்தில் 'ஹொ'வும் எடுக்கலாம்.

'நு' எழுத்தில் தொடங்கும் நல்ல பாட்டு, மெதுவான நடையில், யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், எனக்கும் வேண்டும்.