எர்ன்ஹார்ட்டைக் கொன்றது அறுந்த பெல்ட்டா?

கறுப்பு மூன்று: நேற்று ஒருவர் ‘இருக்கை பெல்ட் அறுந்ததால்தான் அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் செத்தார்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பொறுக்க முடியவில்லை. 2001 பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயம், கடைசிச் சுற்று, நான்காம் வளைவு. கார் சுவரில் மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. தலையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். பெல்ட் முழுதாக இருந்திருந்தாலும் இதே கதிதான் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் பேரி மையர்ஸ் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்.

நான்காம் வளைவு: எழுதியவன் நான்தான். பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு ஆகஸ்டில் விட்ட அறிக்கை இடது இடுப்பு பெல்ட் அறுந்ததையும் காரணமாகச் சொல்கிறதே, அது உங்கள் கண்ணில் படாதா? அறுந்தது அறுந்ததுதான்.

கறுப்பு மூன்று: காரணங்களுள் ஒன்று என்றார்கள். ஒரே காரணம் என்றார்களா? தமிழ்தானே படிக்கிறீர்கள்! பெல்ட், கொக்கியின் துளையில் ஓரமாக ஒதுங்கிச் சுருண்டு கிழிந்தது. காரில் பொருத்திய விதம்தான் தவறு என்று, அந்த பெல்ட்டைத் தயாரித்த பில் சிம்ப்சன் கடைசிவரை போராடினார்.

பெட்டி ரசிகன்: 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் பந்தயத் தடத்தில் ஆடம் பெட்டி மோதிச் செத்தான். 19 வயது. லீ, ரிச்சர்ட், கைல், ஆடம் என்று நான்கு தலைமுறையாகப் பந்தயம் ஓட்டிய குடும்பம். எட்டு வாரத்தில் அதே தடத்தில் கென்னி இர்வினும் போனான். அப்போது யாரும் பெல்ட்டைத் தேடவில்லை. உங்கள் ஆள் போன பிறகுதான், 2001 அக்டோபரில், தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் பிள்ளையின் உயிர் மலிவா?

கறுப்பு மூன்று: ‘உங்கள் ஆள்’ என்று பேசாதீர்கள். ஏழு முறை சாம்பியன் அவர்.

பெட்டி ரசிகன்: ரிச்சர்டும் ஏழு முறைதான். வெற்றிகள் 200. உங்களவருக்கு 76.

நான்காம் வளைவு: 200, 76 எல்லாம் இருக்கட்டும். பெல்ட் அறுந்ததா, இல்லையா?

பழைய டிக்கெட்: சக ஓட்டுநர் ஸ்டெர்லிங் மார்லினின் கார் எர்ன்ஹார்ட்டின் காரை உரசாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

கறுப்பு மூன்று: வந்துவிட்டீர்களா? அந்த மனிதருக்குக் கொலை மிரட்டல் அனுப்பிய கூட்டம் உங்களுடையதுதான். அவர்மேல் பழி போடாதீர்கள் என்று எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஜூனியரே கேட்டுக்கொண்டார். அப்பாவின் சொந்த அணிக் கார்கள் இரண்டு முன்னே போய்க்கொண்டிருந்தன. மைக்கேல் வால்ட்ரிப் முதலிடம், மகன் இரண்டாமிடம். அதே விபத்தில் சிக்கிய ஓட்டுநர் கென் ஷ்ரேடர் தன் காரிலிருந்து இறங்கி ஓடி, எர்ன்ஹார்ட்டின் மூன்றாம் எண் காரின் ஜன்னல் வலையை இறக்கி உள்ளே பார்த்தார்; உடனே மீட்புக் குழுவைப் பார்த்துக் கையை வீசினார். அந்தக் கையசைப்பை நான் இன்றும் மறக்கவில்லை. நீங்கள் உரசலை அளந்துகொண்டிருக்கிறீர்கள்!

பழைய டிக்கெட்: உரசியது உரசியதுதான். 2003இலும் இதையேதான் சொன்னேன். அப்போதும் நீங்கள்தான் கத்தினீர்கள்.

நான்காம் வளைவு: காருக்குள் முதலில் கை வைத்த மீட்புப் பணியாளர், பெல்ட் அறுந்திருக்கவில்லை என்றாரே. கறுப்பு மூன்று அதை ஏன் சொல்லவில்லை?

கறுப்பு மூன்று: அது என் கட்சிக்குத்தானே சாதகம்? பெல்ட் அறுந்திருக்கவே இல்லை என்றால் அது எப்படிக் கொல்லும்?

நான்காம் வளைவு: அறுந்தது என்று நாஸ்காரே சொல்லிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து படியுங்கள்.