ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பறை: கிடுகு வேயலாமா?

வாடிப்பட்டி_எஸ்எம்சி:
ஒன்று, இரண்டாம் வகுப்பு சேர்ந்து 24 பிள்ளைகள். 20-க்கு 16 அடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பாயில்தான் உட்கார்கிறார்கள். மதியம் 2 மணியானால் மேற்குச் சுவரோரம் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிழக்கே நகர்ந்துவிடுகிறார்கள். ஃபேன் போட்டாலும் அனல்தான். ஷீட்டுக்கு அடியில் தென்னங்கிடுகு வேயலாமா?

மேலூர்_மேஸ்திரி:
கிடுகு வேண்டவே வேண்டாம் சார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைக் கொண்டுபோன தீ கீற்றுக்கொட்டகையில்தான் பரவியது.

ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளை அடிங்க. 10 கிலோ சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து வடிகட்டி, அரைக் கிலோ ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு. மாசிக் கடைசியில் அடித்தால் சித்திரை வெயிலுக்கு நிற்கும். ஐப்பசி மழையில் கரையும், வருசா வருசம் அடிக்கணும். ஷீட்டில் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். போல்ட் வரிசையின் மேல் பலகை போட்டு நடங்க. பாசியைக் காய்ந்தபடி சுரண்டினால் நார்த்தூசி பறக்கும், நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, மெதுவாக, லீவு நாளில்.

ஒன்றாம்வகுப்பு_டீச்சர்:
சன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது? தரையில் உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளையின் கண் இரண்டடிக்கும் கீழே இருக்கும். நின்று பார்க்கும் நமக்கு அறை காற்றோட்டமாகத் தெரியும். காற்று அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். பாயில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்க. கரும்பலகையையும் அப்படியே, நான்கு மூலையிலிருந்தும் பாருங்க. சன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் அந்த மூலைப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது, அவன் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். மின்னாத பிளாக்போர்டு பெயிண்ட் அடித்தால் தீரும், எனாமல் கூடாது.

வாடிப்பட்டி_எஸ்எம்சி:
மூன்றடி டீச்சர். உட்கார்ந்தால் வானம்தான் தெரிகிறது.

மேலூர்_மேஸ்திரி:
அப்ப கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முக்காலடி அகலத்துக்கு நாலைந்து துவாரம் விடுங்க. பாம்பு, தேள் வராமல் கொசுவலைக் கம்பி அடிக்கணும். மேற்கே கூரையை ஒட்டி அதே அளவு துவாரம் இருந்தால்தான் சூடு வெளியேறும். அது இல்லாமல் ஃபேன் போட்டால் மேலே தேங்கிய அனலைத்தான் கீழே தள்ளும்.

மேற்குச் சுவருக்கு வெளியே 15 அடி தள்ளிப் புங்கங்கன்று வைங்க. அது வளரும்வரை பச்சை நிழல்வலை. சுவரோடு ஒட்டிக் கட்டாமல் இரண்டடி இடைவெளி விடணும்.