புதுப்பிப்பு: தேக்கு பெஞ்சும் வாசல் தோட்டமும்

காரைக்குடி வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பர்மா தேக்கு பெஞ்சுக்கு பெயின்ட் அடிக்கலாமா, பாலிஷ் போடலாமா, வாசலில் புல்தரை போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெஞ்சுக்குப் பாலிஷ்தான். ஆசாரி பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு 120, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசப் பூச, கறுத்துப்போயிருந்த கைப்பிடியில் தேன் நிறம் எழும்பி வந்தது. அரக்குக்கு ஈரம் ஆகாது, அதனால் சாரல் படாத பக்கம் தள்ளிப் போட்டாயிற்று. (ஈர டம்ளரை அதன்மேலேயே வைக்கும் மாமாவை என்ன செய்ய!)

வாசலில் புல்தரை வேண்டாம் என்றவர்கள் சொன்னது சரி. இந்தச் செம்மண்ணுக்கும் வெயிலுக்கும் அரளி, இட்லிப்பூ போதும். மிச்சமிருந்த ஆத்தங்குடி சிமென்ட் டைல்ஸை நடைபாதைக்குப் போடலாமே என்றார் அண்ணன். வெயிலில் நிறம் போய்விடும் என்று செம்புறாங்கல்லே பதித்தோம். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஜல்லி நிரப்புவது மட்டும் பாக்கி.